தட்டோடு கட்டி அனுப்பிய பத்திரிகை

சிடியின் ஓரத்தில் மஞ்சள் இன்னும் இருக்கிறது, அக்கா. போன வாரம் டிரங்குப் பெட்டியில் வேறு எதையோ தேடும்போது கையில் பட்டது. மூத்தவள் கலாவின் கல்யாணப் பத்திரிகை உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். முகர்ந்து பார்த்தேன். வாசம் போய்விட்டது, நிறம் மட்டும் நிற்கிறது.

நீங்கள் இதை என் கையில் கொடுத்தபோது, இதற்குள் பத்திரிகை இருக்கிறது என்று சொன்னீர்கள். பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்க வேண்டும். வட்டத்துக்கு ஏது மூலை? நானாக நாலு இடம் பார்த்து வைத்துவிட்டு மறுநாள் உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன்.

"ஏட்டி பச்ச, மீனுக்கு மசாலா தடவுத மாதிரில்லா தடவி வச்சிருக்க. மெஷின்ல போட்டா மெஷின் பாழாப் போவும்" என்று முந்தானையால் துடைத்தீர்கள். ஓரத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு, "இது கெடக்கட்டும்" என்றீர்கள்.

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் உங்கள் கடை. ரேஷன் கார்டு மனு அடிக்க வந்தவள் நான். அதற்கப்புறம் கிட்வாய் நகரில் நாலு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, மத்தியானம் உங்களிடம் வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் அடிப்பீர்கள், நான் கீரை ஆய்வேன். உங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஊரிலேயே இருந்திருந்தால் நாம் பார்த்துக்கொண்டிருக்கவே மாட்டோம்.

கலாவுக்கு ஊரில் மாப்பிள்ளை முடிவானதும் பத்திரிகையை நீங்களே அடித்துத் தருவதாகச் சொன்னீர்கள். பாதி அடித்துவிட்டுத் திரும்பினீர்கள்.

"கூப்புடுதது யாருன்னு போட?"

என் மூத்தார் பெயரைச் சொன்னேன். என் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்காரர் கட்டட வேலையில் விழுந்து இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது அப்போது.

"அவரா புள்ளைய வளத்தாரு?"

"தாலி அறுத்தவ பேரு நல்ல காரியத்துல வேணாங்கா. ஊர்ல பேசுவாங்க."

நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே, "எந்தம்பி கல்யாணப் பத்திரிகைய நாந்தான் அடிச்சேன். புருசன் வேண்டாம்னு வந்தவளாம், அதுல எம் பேரு இல்ல" என்றீர்கள். பிறகு என்னைக் கேட்காமல் அடித்தீர்கள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். 'தங்கள் வரவை விரும்பும்' என்று இருந்தது. அதற்குக் கீழே பச்சையம்மாள் என்று இருந்தது.

ஐந்தாம் வகுப்பு படித்தவள் நான். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வேண்டாம் என்று சொன்னவளுக்கு, பார்த்த பிறகு அது வேண்டும் போல இருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஊர் அச்சகத்துக்கு ஈமெயிலில் அனுப்பினீர்கள். மறுநாள் அங்கிருந்து போன். "மேடம், எல்லாம் கட்டம் கட்டமா வருதுங்க. ஒரு எழுத்தும் தெரியல." உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்து அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லையாம். அதனால் மூத்தாரை வரவழைத்து, அவர் சொல்லச் சொல்ல அவர்களே அடித்துவிட்டார்கள். சரிபார்க்கச் சொல்லி அதைப் படமாக அனுப்பினார்கள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன். மூத்தார் பெயர் இருந்தது, அவர் சம்சாரம் பெயர் இருந்தது, இறந்துபோன என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. நான் இல்லை.

"சரி விடுங்கக்கா" என்றேன்.

"நீ விடு. நா விடல" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் அந்தப் பிடிஎஃப் என்ற பேச்சு வந்தது. எனக்கு விளங்கவில்லை என்றதும், சோறு பொங்கிப் பழகியவளுக்குச் சோற்றிலேயே சொன்னீர்கள். "போன தடவ சோத்த மட்டும் அனுப்பிட்டேன், அவன்கிட்ட தட்டு இல்ல, கொட்டிப் போச்சு. இப்ப சோத்த தட்டுல போட்டு, தட்டோட சேத்துக் கட்டி அனுப்புதேன். எந்த வீட்டுல பிரிச்சாலும் நம்ம பரிமாறுன மாதிரியே இருக்கும்."

"யாரும் எடுத்து மாத்திப் போட்டா?"

"அவன் கடையில அதுக்கு வழி கெடையாது. மாத்தணும்னா முதல்ல இருந்து அடிக்கணும். அதுக்கு நேரம் வேணும்லா."

நேரம் இல்லாதபடி நீங்களே பார்த்துக்கொண்டீர்கள். இரண்டு நாள் வேண்டுமென்றே கையில் வைத்திருந்து, பத்திரிகை அச்சாகியே தீர வேண்டும் என்ற நாளில் அனுப்பினீர்கள். டெலிபோன் லைனில் அது போய்ச் சேரும்வரை திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்தது. நான் முருங்கைக்கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்திருந்தேன். அந்தப் பிடிஎஃப்பைத் திறக்க ஒரு சாமான் வேண்டும், அது சும்மாவே கிடைக்கும் என்று போனில் அச்சகத்துக்காரருக்குச் சொல்லிச் சொல்லி ஏற்றவைத்தீர்கள். அந்தப் பக்கம் மூத்தார் குரலும் கேட்டது.

"அந்த ஒரு பேர மட்டும் எடுத்துடுப்பா."

"கைவைக்க முடியாதுங்க. டெல்லியிலேந்து இப்படியேதான் வந்திருக்கு. புதுசா அடிச்சா நாளைக்குத் தர முடியாது."

நீங்கள் போனை என் காதில் வைத்தீர்கள். மூத்தார் இருமினார். "சரி, அச்சு ஓட்டு" என்றார்.

ஊரில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தாரே சைக்கிளில் போய் வீடு வீடாக வைத்தார். நான் பயந்தது அத்தனையும் ஒரு நாளில் ஒன்றுமில்லாமல் போயிற்று. திரும்பி வந்து சொன்னேன். "ஊருக்கு ஆயிரம் வேல கெடக்கு, உம் பேரப் படிக்கவா உக்காந்திருக்கு?" என்று சிரித்தீர்கள்.

ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். எனக்குத் தெரியாது. கீரையோடு வந்தேன், ஷட்டர் சாத்தியிருந்தது. பக்கத்து மளிகைக்கடைக்காரர், "தீதி சலி கயி" என்றார். அக்கா போய்விட்டார் என்கிறார், ஊருக்குத்தான் என்று நினைத்துக் கீரையை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது. உங்கள் தம்பி வந்து காரியம் முடித்து, அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அங்கே மொபைல் கவர் விற்கிறார்கள்.

சின்னவள் ரேகாவுக்கு வரும் தையில் கல்யாணம். அவள் ஆபீஸ் போகிறாள், சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அக்காள் பத்திரிகையைப் பார்த்து அதே மாதிரி செய்யலாம் என்று நீங்கள் அந்தப் பிடிஎஃப்பைப் பதிந்து கொடுத்த இந்தச் சிடியைப் போட்டாள். மெஷின் கொஞ்சம் முனகியது. திறந்தது. அன்றைக்கு நீங்கள் வைத்த இடத்திலேயே பிள்ளையார், நீங்கள் போட்ட அதே கோடு, அதே எழுத்து.

"இதுல உன் பேரு எதும்மா?"

விரல் வைத்துக் காட்டினேன்.

அவள் எதையோ அழுத்தினாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் திறந்தது, உள்ளே இங்கிலீஷ். அது எனக்குப் படிக்க வராது. "இத யாரு செஞ்சாங்கன்னு போட்டிருக்கு" என்று அவள் படித்தாள். உங்கள் பெயர், அக்கா. நீங்கள் போட்டீர்களா, மெஷின் தானாகப் போட்டதா என்று கேட்டேன். தானாகவே விழும் என்றாள். அப்படியென்றால் உங்களுக்கே தெரிந்திருக்காது. உங்கள் தம்பியின் பத்திரிகைக்குள்ளும் இருக்குமோ என்னவோ.

மூத்தார் போன வாரம் போன் பண்ணினார். காது மந்தம், கத்திப் பேசுகிறார். "பத்திரிகைல போன தடவ மாதிரியே உன் பேரயே போட்டுடும்மா" என்றார்.

கரோல் பாக்கில் ஒருவர் தமிழில் அடித்துக் கொடுத்தார். பிடிஎஃப் ஆக்குவதை ரேகா வீட்டில் வைத்துச் செய்தாள். அந்தச் சின்னக் கட்டத்தில் நாம் சொல்லும் பெயரைப் போட முடியுமா என்று கேட்டேன்.

"போடலாம். யாரும் அதத் தொறந்து பாக்க மாட்டாங்கம்மா."

"அச்சா. போடு."

நேற்று அது ஊருக்குப் போய்விட்டது. தட்டோடு சேர்த்து உங்கள் பெயரையும் கட்டித்தான் அனுப்பியிருக்கிறேன், அக்கா.