கடலோர வளாகத்துக்கு நான் வாங்கிய கையெழுத்து

மார்ச் 4, 2019, திங்கள்

தர மதிப்பீட்டுக் குழு வந்து போனது. மணிலாவிலிருந்து நான்கு பேர். அவர்களை உட்கார வைக்க எங்கள் காந்தாவிட் வளாகத்தில் நான்கு நல்ல நாற்காலி இல்லை. பங்குத்தந்தை கோயிலிலிருந்து அனுப்பினார். சமையல் ஊர்ப் பெண்களுடையது. சுட்ட மீன், தேங்காய்ப்பாலில் நண்டு. குழுவில் ஒரு பெண் நூலகத்தில் நின்று, "ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு பேர் எழுதியிருக்கே?" என்று கேட்டார். எழுதியிருக்கும். யார் வீட்டில் என்ன புத்தகம் இருந்ததோ அதெல்லாம் வந்து சேர்ந்ததுதான் எங்கள் நூலகம்.

கட்டணமில்லாப் படிப்பு வந்த பிறகு மாணவர்கள் இரட்டிப்பாகிவிட்டார்கள். முந்நூறு பேருக்கு மேல், வகுப்பறை ஆறு. மீன்வளம் இரண்டாம் ஆண்டுக்கு நான் வாதா மரத்தடியில் பாடம் நடத்துகிறேன். மழை வந்தால் பாடம் இல்லை.

மாலையில் நிம்ஃபா கூப்பிட்டாள்.

"மாரே, உனக்குக் கட்டடம் வேணுமா வேண்டாமா?"

"இது என்ன கேள்வி?"

"அப்ப நிலம் குடுத்த மானோ போலிங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தா. நீ கேட்டாத்தான் அவர் போடுவார்."

அவள் மகனுக்கு நான் ஞானத்தாய். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் மாரே என்றுதான் கூப்பிடுகிறோம். பெரும்புயல் அடித்து ஓய்ந்த வருடம் அவளும் நானும் ஒரே தார்ப்பாய்க்கடியில் நின்று இந்த வளாகத்தின் முதல் வகுப்பை நடத்தினோம். போன வருடம் ஐந்து வளாகங்களுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகத் தலைவி ஆகிவிட்டாள். இருந்தும் என்னை மறக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

பல்கலைக்கழக வேனில் காகிதம் வந்தது. மூன்று பக்கம், சட்ட ஆங்கிலம். நிம்ஃபா போனிலேயே விளக்கிவிட்டாள். நிலத்தைக் கொடுத்தபோது மானோ போலிங் ஒரு நிபந்தனை எழுதச் சொல்லியிருந்தார்: படிப்புக்கல்லாமல் வேறெதற்காவது பயன்படுத்தினால் நிலம் அவருக்கே திரும்ப வேண்டும். அந்த வரி இருக்கும்வரை அரசு கட்டட நிதி தராதாம். அதை எடுப்பதற்குத்தான் இந்தக் காகிதம்.

மானோ, அதாவது அண்ணன், என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் இருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. கடலோரமாக மூன்று ஹெக்டேர் தென்னந்தோப்பு அவருடையது. புயல் அத்தனை மரத்தையும் சாய்த்த பிறகு, விலைக்குக் கேட்டு வந்தவர்களை அனுப்பிவிட்டு எங்களுக்குக் கொடுத்தார். மூத்த மகள் மரிவிக் நகரத்துக்குப் படிக்கப் போய், தங்க இடத்துக்காக ஒரு வீட்டில் துணி துவைத்து, படிப்பும் நின்று, இப்போது குவைத்தில் யார் வீட்டிலோ வேலை செய்கிறாள். இன்னொரு பிள்ளை அப்படிப் போகக் கூடாது என்றார் அன்று. சின்னவள் ஜோவிலின் என் வகுப்பில்தான் இருக்கிறாள்.

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன் மானோ."

"அப்ப சரி." பேனாவை வாங்கிக்கொண்டு சிரித்தார். "கல்யாணத்துக்கே ஒரு கையெழுத்துதான் போட்டேன். உங்க காலேஜுக்கு ரெண்டு."

சாட்சியாக நானும் போட்டேன்.

மார்ச் 20, புதன்

நான்கு மாடியாம். ஆய்வகம் தனித் தளம். இன்று மரத்தடியில் பிள்ளைகளிடம் சொன்னேன், கை தட்டினார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

கடல் பக்கம் நான்கு பேர் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்கான அளவை என்று நினைத்துக் குடிக்க இளநீர் கொடுத்தேன். நானே கொடுத்தேன்.

"ஆய்வகம் எந்தப் பக்கம் வருது தம்பி?"

"ஆய்வகமா? நீச்சல் குளம் மேடம், இந்தப் பக்கம். அறைங்க எல்லாம் அங்க, கடலைப் பாத்த மாதிரி."

வேறு இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றேன். வரைபடத்தைக் காட்டினான். வாதா மரம்கூடச் சரியாகக் குறித்திருந்தது.

நிம்ஃபா போனை எடுக்கவில்லை. ஏழு முறை.

ஏப்ரல் 15, திங்கள்

முதல் பேருந்தில் நகரத்துக்குப் போனேன். நிம்ஃபாவின் அறை வாசலில் இரண்டரை மணி நேரம். செயலர் பெண் என்னிடம் காப்பி வேண்டுமா என்று மூன்று முறை கேட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நிம்ஃபா எதையும் மறைக்கவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. கடலோர நிலம் இருபத்தைந்து வருடக் குத்தகை, ஒரு ஹோட்டல் நிறுவனத்துக்கு. அந்த வருமானத்தில் நகர வளாகத்தில் செவிலியர் கல்லூரி. காந்தாவிட் படிப்புகள் எல்லாம் நகரத்துக்கு மாறும்.

"பஸ் விடுறோம் மாரே. உன் பிள்ளைங்க நல்ல கிளாஸ்ரூம்ல உக்காந்து படிக்கட்டும்."

"போக வர நாலு மணி நேரம். யார் வருவாங்க?"

"இங்க ஒம்பதாயிரம் பேர் படிக்கிறாங்க. எத்தனை கழிப்பறை தெரியுமா? பன்னெண்டு. அரசாங்கத்துல போய் நின்னா நீங்களே சம்பாதிச்சுக்கங்கன்றான். உன் முந்நூறு பேருக்காக நான் ஒம்பதாயிரம் பேரைக் கைவிடணுமா?"

அவள் சொல்வதும் பொய்யில்லை. அதனால், "என்கிட்ட கட்டடம்னு சொன்னே" என்று மட்டும் சொன்னேன்.

"கட்டடம்தான். எங்கன்னு நீ கேக்கலையே." பிறகு குரலைத் தாழ்த்தி, பரிவாகவே சொன்னாள்: "நீ படிச்சிருக்கலாம் மாரே. மூணு பக்கம்தான்."

ஏப்ரல் 16, செவ்வாய்

படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: இதன் முழுப் பொருளும் கையெழுத்திட்டவருக்கு அவருடைய தாய்மொழியில் சாட்சியால் எடுத்துரைக்கப்பட்டது. கீழே லெத்திசியா காபாயெஸ். என் எழுத்து. அழகாக, வளைத்துப் போட்டிருக்கிறேன்.

அவளுக்குத் தெரியும். நான் படிக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருடமாக என்னைத் தெரியும். அதை நம்பித்தானே இந்த வேலையை எனக்குக் கொடுத்தாள்? வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் படித்திருப்பான்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மானோ போலிங் வீட்டில் இயேசுவின் பாடுகளின் பாராயணம். போகாமல் இருக்க முடியாது, வருடா வருடம் போகிறேன். தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் போட்ட கஞ்சியை ஜோவிலின் கிண்ணத்தில் கொடுத்தாள். "மேடம், புது ஆய்வகத்துல மைக்ராஸ்கோப் ஆளுக்கு ஒண்ணு இருக்குமா?" என்று கேட்டாள். நான் கஞ்சி சூடாக இருக்கிறது என்றேன்.

யூதாஸ் வரும் இடத்தைப் பாடினார்கள். எழுந்து போய்க் கை கழுவினேன். ஏற்கெனவே கழுவிய கை.

ஏப்ரல் 20, சனி

சொல்லிவிட்டேன். கொட்டகையில் வைத்து, நின்றபடியே, எல்லாவற்றையும். ஹோட்டல், குத்தகை, மூன்றாம் பக்கம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

கொப்பரையைப் புரட்டிப் போட்டார்.

"படிச்சேன்னு சொன்னீங்க."

"மானோ, நிம்ஃபா என்கிட்ட..."

"அந்தம்மாவை எனக்குத் தெரியாது மேடம். நான் உங்களைத்தான் கேட்டேன்."

அவ்வளவுதான் பேசினார். நான் என்னத்தச் சொல்ல? என்னையும் ஏமாத்திட்டாங்கன்னு அழுதா சரியாப் போயிடுமா? அவளை நான் நம்பினேன், அவர் என்னை நம்பினார். அவள் எனக்குச் செய்ததைத்தானே நான் அவருக்குச் செய்திருக்கேன். இல்லை, நான் தெரிஞ்சு செய்யல. தெரிஞ்சுக்காம செஞ்சேன். அதுல என்ன பெரிய வித்தியாசம்.

ஏப்ரல் 24, புதன்

ஊருக்கே தெரிந்துவிட்டது. மீன்காரி என் வாசலில் கூவாமல் போகிறாள். ட்ரைசைக்கிள் ஓட்டுகிற ரூபன் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். என்னிடம் படித்தவன்.

"மேடம், எங்க போகணும்? ஹோட்டலுக்கா?"

பின்னால் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நான் நடந்தே போனேன்.

மே 6, திங்கள்

இலவச சட்ட உதவி மையத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் அம்மா. ஜோவிலினும் ஊர்க்காரர்கள் மூவரும் வந்திருந்தார்கள். என்னை அழைத்தது ஜோவிலின், அப்பாவுக்குத் தெரியாமல்.

வழி ஒன்றுதான் என்றார் அந்த அம்மா. அந்தக் காகிதத்தில் உள்ளதை நான் அவருக்கு விளக்கவே இல்லை என்று ஆட்சிமன்றக் குழுவின் முன் நானே சொல்ல வேண்டும். "ஆனா நீங்க பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதா ஆகும். வேலை போகலாம், வழக்கும் வரலாம். ஓய்வு பெற எவ்வளவு காலம் இருக்கு?"

மூன்று வருடம்.

வீட்டுக்கு வந்து தீனோவிடம் சொன்னேன். என் கணவர் பழுதுபார்க்க வந்த ஒரு ஜீப்னி வண்டியின் அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே. "நீ என்ன செய்யப் போறேன்னு உனக்கே தெரியும். என்கிட்ட எதுக்குக் கேக்கிறே? அந்த ஸ்பானரை எடு" என்றார்.

மே 10, வெள்ளி

நிம்ஃபா வந்தாள். கார் இல்லாமல், ஓட்டுநர் இல்லாமல், பேருந்தில். சமையலறையில் அவளுடைய வழக்கமான முக்காலியில் உட்கார்ந்தாள். நகரத்தில் மீன்வளத் துறைக்கு என்னைத் தலைவராகப் போடுகிறாளாம்.

"இது லஞ்சம் இல்ல மாரே. உனக்கு எப்பவோ வந்திருக்க வேண்டியது."

"அப்ப எப்பவோ குடுத்திருக்கலாமே."

முகம் சுருங்கியது. அழுதாள். நடிக்கவில்லை, எனக்குத் தெரியும். "நாலு பக்கமும் என்னைக் கிழிக்கிறாங்க. கவர்னர் ஆளுங்க, செனட்டர் ஆளுங்க, மாணவர் சங்கம். நீயாவது என் பக்கம் இருப்பேன்னு நினைச்சேன்."

"உன் பக்கம்தான் இருந்தேன் நிம்ஃபா. அதனாலதான் படிக்கல."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவளும் கவனித்தாள். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

மே 28, செவ்வாய்

ஆட்சிமன்றக் குழு. நீள மேசை, பதினோரு பேர். ஊரிலிருந்து மூன்று ஜீப்னி நிறைய வந்திருந்தார்கள். மானோ போலிங் கடைசி வரிசையில், திருவிழாச் சட்டையில். பல்கலைக்கழக வழக்கறிஞர் என் கையெழுத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்.

எழுதி வைத்திருந்ததில் ஒரு வரி வாசித்தேன். காகிதத்தை மடித்துவிட்டுச் சொன்னேன்: "நான் இதைப் படிக்கல. படிச்சேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். ஹோட்டல்னு தெரிஞ்சிருந்தா அவர் போட்டிருக்க மாட்டார். நானும் கேட்டிருக்க மாட்டேன்."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதோட விளைவு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும் சார்."

"அந்தக் கையெழுத்தை வாங்கச் சொன்னது யார்?"

நிம்ஃபா தன் முன்னால் இருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத் தலைவி என்று சொன்னேன்.

வெளியே வந்தபோது ஜீப்னிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. யாரும் ஏறச் சொல்லவில்லை. பேருந்தில் வந்தேன்.

ஜூன் 5, புதன்

பணி இடைநீக்கம். இரண்டு வரிக் கடிதம், நிம்ஃபாவின் கையெழுத்து. அவள் கட்டாயம் படித்துத்தான் போட்டிருப்பாள்.

ஜூலை 18, வியாழன்

முடிவு வந்தது. நிபந்தனையை எடுத்த அந்த இரண்டாவது காகிதம் செல்லாது. ஹோட்டல்காரர்கள் விலகிக்கொண்டார்கள். மீன்வளம் காந்தாவிட்டிலேயே இருக்கும், "தற்போதைக்கு". ஆசிரியர் பயிற்சி நகரத்துக்குப் போகிறது. அதில் நூற்றைம்பது பிள்ளைகள், நகரத்துக்குப் போகிறவர்கள் பாதி, படிப்பை நிறுத்துகிறவர்கள் பாதி. கட்டட நிதி எதுவும் இல்லை. செவிலியர் கல்லூரியும் இல்லை. நிம்ஃபா தலைவியாகத் தொடர்கிறாள். என் மேல் விசாரணையும் தொடர்கிறது.

ஜெயித்தது யார்? தீனோ கேட்டார். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன், போட்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நிம்ஃபாவின் மகன், என் ஞானமகன் கார்லோவுக்கு அடுத்த மாதம் திருமணம். நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கிற பெண் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 24, சனி

என் மேசையில் இருந்த பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாசல் காவலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். பெயர், வந்த காரணம். கூச்சப்பட்டுக்கொண்டே, "ரூல்ஸ் மேடம்" என்றார். எழுதினேன்.

உள்ளே ஊரே இருந்தது. அரசு கட்டாததால் அவர்களே இரண்டு அறை கட்டுகிறார்கள், மூங்கிலும் நிப்பா ஓலையும். ஆண்கள் குழி தோண்ட, பெண்கள் ஓலை முடைய, முதலாண்டுப் பிள்ளைகள் கல் சுமக்க. என்னைப் பார்த்ததும் பேச்சு குறைந்தது. அட்டைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன். ரூபன் வழிவிட்டான்.

மானோ போலிங் ஒரு நீள மூங்கிலைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முனை தோளில், மறுமுனை மண்ணில் இழுபட்டது. நான் கடந்து போகப் போனேன்.

"பாத்துக்கிட்டே போனா எப்படி? அந்தப் பக்கம் தூக்கு."

வேறு யாரிடமோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, மூங்கிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் இல்லை, நீங்க இல்லை.

பெட்டியைக் கீழே வைத்தேன். தூக்கினேன். நல்ல கனம்.