ஆறு மணிக்குத் தட்டும் கதவு

அன்புள்ள என்னவருக்கு,

நேரே சொல்ல வாய் வரவில்லை. வேலை முடிந்து வந்ததும் வாசியுங்கள்.

நெதர்லாந்துக்காக சைக்கிள் ஸ்பிரிண்டில் ஐந்து முறை சாம்பியனானவள் நான். பின்னால் வருபவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே வென்றவள். உங்களையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் காலை ஆறு மணிக்கு இரண்டு தடவை வந்து, கதவு திறக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றாவது முறையும் தவறினால் எனக்குத் தடை. இரண்டு நாளும் நான் பின்னறையில் தூக்கம், நீங்கள் விழித்திருந்தீர்கள்.

"ஒருத்தரும் வரேல்லையப்பா" என்றீர்கள். நான் நம்பவில்லை. சைக்கிள் ஓட்டத்தை விட்டு, உங்களைக் கட்டி வந்த இந்தச் சிட்னி நார்த்மீட்டிலேயே நான் அடங்கிவிட வேண்டுமென்று திட்டம் போடுகிறீர்கள் என்றே நினைத்தேன்.

எந்த நாளும் அதே ஆறு மணிக்கு வரலாம் என்பதால் இன்று தூங்காமல் காத்திருந்தேன். மணி அடித்ததும் ஓடி வந்தேன். நீங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால், அடுப்போரமாய்க் குந்தியிருந்தீர்கள்.

"திறக்காதை. இமிகிரேஷன்காரர்."

படகில் இந்நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும், பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

திறந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற பெண், வீட்டில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பரிசோதகரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

உங்களைச் சந்தேகித்தவள்