நீ கேன்சல் பண்ணின ஊருக்கு நான் போய்வந்தேன்

அடி கௌரி, என் காஞ்சிபுரத்துச் சண்டைக்காரி,

போய்ட்டு வந்துட்டேன்டி. சீனாவுக்கு, உன் சியான் ஊருக்குத்தான். திரும்பி வந்து நாலு நாள் ஆச்சு, இன்னும் ஜெட்லாக் தெளியல, மத்தியான மீட்டிங்ல தூங்கி வழியறேன். ஜெர்சி சிட்டில அதே ஆபீஸ், ஆத்தைப் பார்த்த அதே ஜன்னல். நாம பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்த இடத்துல, உன் சீட்ல இப்போ வேற ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன்தான். எனக்கு அவரைப் பார்த்தாலே எரியுது.

நல்லா இருந்துச்சான்னு கேட்பே. நல்லா இருந்துச்சு. அதுதான் பொறுக்கல.

அந்தப் பழைய தலைநகரத்தைச் சுத்தி மதில் இன்னும் முழுசா நிக்குது. மேலே ஏறினா கார் போற அளவுக்கு அகலம். நீ வீடியோல காட்டிக் காட்டி என் உயிரை வாங்கினியே, ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள், அதுவும் வாடகைக்கு இருக்கு. குடுக்கிற அம்மா என் பின்னால யாராவது வர்றாங்களான்னு எட்டிப் பார்த்துட்டு, ஒத்தை சைக்கிளை உருட்டிக் குடுத்தா. ஒரு சுத்து பதினாலு கிலோமீட்டர். கல் பாவின தரை, இடுப்பு கழண்டு போச்சு. பாதில இறங்கித் தள்ளிக்கிட்டே நடந்தேன். நீ இருந்திருந்தா “மிதிடி சோம்பேறி”ன்னு கத்தியிருப்பே.

உனக்கு ஏன் அந்த ஊர்னு இதைப் படிக்கிறவங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்துல வருவாரே, சீனாவுல இருந்து காஞ்சிபுரம் வரைக்கும் வந்த பிட்சு, அவர் கிளம்பின ஊர் அது. தெரிஞ்ச நாள்ல இருந்து உனக்கு அதே பேச்சு. “அந்த மனுஷன் அவ்வளவு தூரம் எங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கார், விஜி. நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வந்தா பதிலுக்கு நாம போக வேணாமா? ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, என்ன நினைப்பாங்க நம்மளைப் பத்தி?” எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுத் தயிர்சாதம் புரையேறும்.

சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம். நீ நிஜமாவே டிக்கெட் போட்டுட்டே. நிலாவுக்கு ஸ்பிரிங் பிரேக், அம்மாவும் பொண்ணும் மட்டும். லஞ்ச் ரூம்ல போனை நீட்டிக் காட்டினே. நான் டிக்கெட்டைக்கூடப் பார்க்கல.

“ஸ்டாம்பிங்?”னு கேட்டேன்.

நம்ம ஜனங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இங்கே வேலை பார்க்க அனுமதி இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்கிற விசா காலாவதி ஆகியிருக்கும். உள்ளேயே கிடந்தா ஒண்ணுமில்ல. வெளியே போனா, திரும்பி வர தூதரகத்துல புதுசா குத்தி வாங்கணும். குடுத்தாலும் குடுப்பான், மாசக்கணக்குல உட்கார வச்சாலும் வைப்பான்.

“சியான் முடிச்சு நேரா ஊருக்குப் போறேன்டி. அம்மா வீட்டுல ஒரு வாரம், சென்னைல இன்டர்வியூ, அப்புறம் ரிட்டர்ன். எல்லாம் ப்ளான் பண்ணிட்டேன்.”

“பைத்தியமா உனக்கு? அக்கா கல்யாணத்துக்குப் போன அந்தக் கோயம்புத்தூர்க்காரர் அஞ்சு மாசம் மாட்டிக்கிட்டாரே, மறந்துட்டியா? வேலையும் போச்சு. சும்மா ஊர் சுத்தப் போய் நிலா படிப்பைக் கெடுக்காதே. கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் ஸ்டாம்பிங்கே வேணாம். மதில் எங்கேயும் ஓடிடாது.”

அதோட விட்டேனா? ஒரு வாரம் விடாம, வாட்ஸ்அப்ல வந்த அத்தனை பயங்கரக் கதையையும் உனக்கு ஃபார்வர்டு பண்ணினேன். வெள்ளிக்கிழமை என் எதிர்லயே உட்கார்ந்து கேன்சல் பண்ணினே. “போதுமா?”ன்னு கேட்டே. “நல்ல பொண்ணு”ன்னு உன் தோளைத் தட்டினேன், பாவி.

மதில் ஓடல, கௌரி. போய்ப் பார்த்துட்டுத்தானே வரேன்.

அடுத்த தை மாசம் வயித்துவலின்னு டாக்டர்கிட்ட போனே. புரட்டாசில நீ இல்ல. நீ போய் மூணு மாசம் கழிச்சு வக்கீல் ஆபீஸ்ல இருந்து உன் பேருக்கு மெயில் வந்துச்சாம், கிரீன் கார்டுக்கு உன் வரிசை வந்துடுச்சுன்னு. உன் வீட்டுக்காரர் முரளி எனக்குக் காட்டினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. உனக்குக் கண்ணை மூடின பிறகு. எனக்கும் சீக்கிரமே வந்துடுச்சு. அந்த அட்டையை வச்சுக்கிட்டுத்தான் போனேன், வெட்கமில்லாம.

அந்தக் காலத்து ராஜா ஒருத்தர் சமாதிக்குக் காவலாப் புதைச்ச மண் சிப்பாய்களைப் பார்த்தேன். வரிசை வரிசையா, ஒரு மூஞ்சி மாதிரி இன்னொரு மூஞ்சி இல்ல. இன்னும் நிறைய பேர் மண்ணுக்குள்ளதான் நிக்கறாங்க. வெளியே எடுத்தா காத்துப் பட்டு வர்ணம் உதிர்ந்துடுது, வழி தெரியற வரைக்கும் காத்திருக்கோம்னு கைட் பொண்ணு சொன்னா. காத்திருக்கிறதுன்னு யார் சொன்னாலும் எனக்கு இப்போ ஆத்திரம் வருது. கூட்டத்தை விட்டு வெளியே வந்துட்டேன்.

கடைசி நாள் உன் பிட்சு கொண்டு வந்த ஏடுகளுக்காகக் கட்டின கோபுரத்துக்குப் போனேன். அங்கேதான் கைட் சொன்னா. அப்போ நாட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாதுன்னு தடையாம். மனுஷன் மனு போட்டுப் பார்த்திருக்கார், கிடைக்கல. சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டார். பதினாறு பதினேழு வருஷம் கழிச்சுத் திரும்பினப்போ அதே ராஜா அவரை வரவேற்றாராம். இது உனக்குத் தெரியுமாடி? தெரிஞ்சிருந்தா என் பேச்சைக் கேட்டிருப்பியா?

அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்து அழுதேன். உனக்காக மட்டும் இல்ல. என் அப்பா செத்தப்போ நான் ஊருக்குப் போகல, ஞாபகம் இருக்கா? விசா காலாவதி, ஸ்டாம்பிங் பயம். போன்ல பார்த்தேன் எல்லாத்தையும், அப்பாவைத் தூக்கினதையும் சேர்த்து. அன்னைக்கு நீதான் என்னைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே.

இப்போ சொல்றேன். நீ மாட்டிக்குவியேன்னு நான் பயப்படல. நீ மாட்டிக்காம வந்துடுவியேன்னுதான் பயந்தேன். சும்மா ஒரு மதில் பார்க்கப் போன நீ, ஸ்டாம்பிங் முடிச்சு சிரிச்சுக்கிட்டு வந்து நின்னா, அப்பாவுக்குப் போகாத நான் என்ன? அதனாலதான் உன்னை நிறுத்தினேன். உன் நல்லதுக்குன்னு சொன்னது பொய்.

முந்தாநேத்து உன் வீட்டுக்குப் போனேன். நிலாவுக்கு ஒரு சின்ன மண் சிப்பாய் வாங்கிட்டு வந்திருந்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. “அம்மா வாஸ் ஆல்வேஸ் ஸ்கேர்டு, பெரிம்மா. டிக்கெட் போட்டுட்டு பயந்துட்டாங்க”ன்னா. முரளியும், “ஆமாம்மா, அவ பயந்த சுபாவம்”னார். ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது, பெரியம்மான்னு கூப்பிடுன்னு அவளுக்கு நீ பழக்கினே. அந்தப் பெரியம்மா வாயைத் திறக்கல. முரளி போட்ட காபியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

நம்ம ரெண்டு குடும்பத்துலயும் பயமில்லாதவ நீ ஒருத்திதான். உன் பொண்ணு உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்கிட்டு வளர்றா. இது நான் செஞ்சது.

ஞாயித்துக்கிழமை திரும்பப் போறேன். ரெண்டு பேரையும் உட்கார வச்சு எல்லாத்தையும் சொல்றேன், அப்பா கதையையும் சேர்த்து. அதுக்கப்புறம் நிலா என் மூஞ்சில முழிக்காம போனாலும் சரி. இது சத்தியம்டி, இதை மட்டும் தள்ளிப் போட மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது உன் பொண்ணுக்குப் பெரியம்மா,
விஜி