கடைசிப் பத்து நாள் தீவனம்

இன்று மதியம் குக்கர் மூடியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. கோழி சூப்பில் மீன் வாடை. மூன்று வயதுப் பையனுக்காக இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட சூப். கரண்டியில் எடுத்து ஆற வைத்து முகர்ந்தேன். இன்னொரு தரம் முகர்ந்துவிட்டு மாமியாரிடம் நீட்டினேன்.

"கோழி வாடைதான் வருது. உனக்கு எப்பப் பாத்தாலும் எதுலயாவது ஒரு வாடை" என்றார்.

எனக்கு மட்டும்தான் வருகிறதோ என்னவோ. நீ இருந்திருந்தால் விரலை விட்டு முகர்ந்து ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். "புளிச்ச வாடன்னா நல்லது. அழுகின வாடன்னா கொட்டிடு, யோசிக்காத." உன் நீலப் பீப்பாய்களுக்கு நீ வைத்திருந்த சட்டம் அது ஒன்றுதான்.

காலேஜில் இரண்டு பேரும் விலங்கியல்தான் படித்தோம். முடித்ததும் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். நீ வைத்திக்குப்பத்தில் உன் அம்மா மீன் வெட்டும் இடத்தில் உட்கார்ந்து, நாய்க்கும் காக்கைக்கும் போகிற தலையையும் குடலையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அதை அரைத்து, வெல்லப்பாகும் தயிரும் கலந்து, காற்றுப் புகாமல் பீப்பாயில் மூடி வைத்தாய். இரண்டு வாரத்தில் அது பழுப்பாய்ப் புளித்த கூழாகிவிடும். தவிட்டோடு பிசைந்து காய வைத்தால் பிராய்லர் கோழிக்குத் தீவனம். சோயாப் புண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, கருவாட்டுத் தூளில் பாதி மணல் என்று என் வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டிருந்த நேரம். பாகூர் பக்கம் அவர் வீட்டு ஷெட்டில் இருநூறு கோழி. முதல் தடவையாக உன் தீவனத்துக்கு ஒரு ஷெட் கிடைத்தது என்னால்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

"உங்க வீட்டுக் கோழிக்கு நான் மீன்குழம்பு வெக்கிறேன்டி. எங்க அம்மாவ விட நல்லா வெக்கிறேன்" என்று சிரித்தாய். கோழியும் நன்றாகத்தான் எடை ஏறியது.

ஒரே ஒரு கண்டிப்பு உனக்கு. கடைசிப் பத்து நாள் மீன் தீவனம் கூடாது. வெறும் சோளமும் புண்ணாக்கும்தான். இல்லையென்றால் கறியில் மீன் வாடை இறங்கிவிடும். ஷெட்டின் தகரக் கதவில் சாக்பீஸால் தேதியைப் போட்டு, கீழே 'மூட்டையை மாத்து' என்று எழுதினாய். காலையில் தீவனம் போடுவது என் வீட்டுக்காரர். அவர் கதவில் எழுதியதைப் பார்க்கிற ஆளில்லை; எந்த மூட்டை என்று சாரத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து போனில் சொல்ல வேண்டியது நான்.

பையனுக்கு அப்போது பதினோரு மாதம். அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். நீ வந்து பார்த்துவிட்டு, "நீ புள்ளயப் பாக்கறியா, தெர்மாமீட்டரப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாய். தேதி வந்தது, தாண்டியும் போனது. எனக்கு ஞாபகம் வந்தபோது ஏழு நாள் ஓடியிருந்தது. உடனே மாற்றச் சொன்னேன். அன்று சாயங்காலமே நீ போன் பண்ணினாய்.

"தேதிக்கு மாத்திட்டியாடி?"

"மாத்திட்டேன்."

மறந்தது தப்பு என்றால் ஒரு மாதிரி மன்னித்துக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லை என்ன செய்வது? பையனின் மொட்டை, காதுகுத்துக்கு அப்போது மூன்றே நாள். நம்ம ஷெட்டுக் கோழிதான் விருந்துக்கு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கிற ஒருவர் விருந்துக்கு வருகிறார், கறி ருசியாக இருந்தால் மாதாமாதம் உன்னிடமே தீவனம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி நீ இன்னும் நாலு பீப்பாய் வாங்கி வைத்திருந்தாய். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏழு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பாகூரில் ஷெட்டுக்கு முன்னாலேயே பந்தல் போட்டு விருந்து. குழம்பை ஊற்றும்போதே வாடை தெரிந்துவிட்டது. நீ உன் இலையிலிருந்து எழுந்து பின்பக்கம் ஷெட்டுக்குப் போனாய். மிச்சம் இருக்க வேண்டிய மீன் தீவன மூட்டைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருப்பாய். திரும்பி வந்து என்னைப் பார்த்தாய். நான் குனிந்து பையனின் காதுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன்.

"இதத்தான் எனக்கு விக்கப் பாத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பண்ணைக்காரர் இலையை மூடினார்.

என் மாமியார் பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "குப்பத்துப் பொண்ணு கை பட்டா கோழியும் மீனாத்தான் நாறும்."

நாலு பேர் சிரித்தார்கள். நீ திரும்பவும் என்னைப் பார்த்தாய். ஒரு வாக்கியம்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நீ காத்திருந்தாய். பிறகு இலையில் உட்கார்ந்து, அந்தக் கோழிக் குழம்பையே பிசைந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். "சாப்ட்டேன், போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய்.

அதற்கப்புறம் எந்த ஷெட்டும் உன் பீப்பாயைத் தொடவில்லை. நீ ஏதோ கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். போன வருஷம் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாய். என்னால்தான் போனாய் என்று எழுதினால் "நாடகம் போடாதடி" என்பாய். எழுதவில்லை.

இன்று சூப் கிண்ணத்தோடு நின்றபடியே சொல்லிவிட்டேன். "அத்த, அன்னைக்குத் தீவனத்த மாத்தாம விட்டது நான்தான். அவ இல்ல."

மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

"தெரியும். எம் புள்ள அப்பவே சொன்னான், மூணு நாள் முன்னாடிதான் மூட்டைய மாத்தினோம்னு. அதுக்காவ நாலு பேர் முன்னால வீட்டு மருமவள விட்டுக் குடுக்க முடியுமா? அவ வெளியாளு. பொறுத்துக்கிட்டா."

ஆக, அன்றைக்கு உன்னோடு சேர்த்து நாலு பேருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. மூன்று பேர் ஒரே வீடு.

பையன் சூப்பைக் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினான்.

வாரம் ஒரு தடவை வைத்திக்குப்பத்துக்குப் போகிறேன். உன் அம்மா முள் குறைவான மீனாகப் பார்த்து, பையனுக்கென்று தானே வெட்டிக் கொடுக்கிறார். "அவளுக்குன்னு கடைசி வரைக்கும் நீ ஒருத்திதான் இருந்த" என்கிறார். அன்றைக்கு நடந்ததை நீ அவரிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

பால், சோறு, மருந்து, எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பையனுக்குக் கொடுக்கிறேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட மூக்கு அது. இரண்டு வருஷமாக மூடி வைத்திருந்ததை இன்று மதியம் நானே திறந்து பார்த்தேன். புளிச்ச வாடை இல்லை, அழுகின வாடைதான். யோசிக்காமல் கொட்டு என்பாய். எங்கே கொட்ட வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். நாளைக்கு மீன் வாங்கப் போகும்போது, உன் அம்மா கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.