அலை எட்டாத அறை

அன்புள்ள அக்கா,

மாணவர் ஆராய்ச்சிப் பரிசு எனக்குக் கிடைத்துவிட்டது! உனக்குத் தெரியாதது போலவே சொல்கிறேன்.

செல்போன் அலைகள் பழ ஈக்களின் முட்டைகளை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. "ஈ ஓட்டறதுக்கு ஒரு படிப்பாடி?" என்று கேட்டுவிட்டு என்னோடு பேச்சையே நிறுத்தினாயே, அதேதான். வெளி அலை எதுவும் கலந்துவிடாமல் இருக்க, செப்பு வலை அடித்த அறைக்குள்தான் வேலை. அங்கே என் போனுக்கு எந்த அழைப்பும் வராது; ஈ, காக்கைகூட நுழையாது.

பரிசுக்குழு நேற்று அந்தப் போனுக்குத்தான் விடாமல் கூப்பிட்டிருக்கிறது. மாலைக்குள் நான் சம்மதம் சொல்லாவிட்டால் பரிசு அடுத்தவருக்கு. நானோ உள்ளே ஈக்களுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேராசிரியை வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினார்.

"போனை ஆராய்ச்சி பண்றவளுக்குப் போன்ல சேதி சொல்ல முடியல! குழு உங்க அக்காவைப் பிடிச்சிருக்கு. அவங்க நம்ம ஆபீசுக்குப் போன் போட்டு எல்லாரையும் விரட்டறாங்க. ஓடு!"

விண்ணப்பத்தில் அவசரத்துக்கு உன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். வேறு யாருடையதைக் கொடுப்பேன்?

வராந்தாவுக்கு வந்ததும் போனில் உன் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. குழுவிடம் சரி என்று சொன்ன கையோடு உனக்குப் போட்டேன்.

"தெரியாம கை பட்டுடுச்சுடி," என்று வைத்துவிட்டாய்.

என் எண்ணில் கை பட்டிருக்கலாம். ஆபீஸ் எண்ணிலுமா, அக்கா?

விழாவில் முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்திருக்கிறேன். வழி தவறியாவது வந்துவிடு.

உன்,
ஈ ஓட்டி