கதவோரத்து இருக்கை

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது.

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம்தான் என்று நேற்று வெளியூரிலிருந்து போனில் நீ போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. இந்த வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

உன் மகளுக்கு வந்திருப்பது குடல் அழற்சி என்கிறார் டாக்டர். ரத்தமாகப் போகிறது. பள்ளிச் சீருடை தொளதொளவென்று தொங்குகிறது. நீ என்னடா என்றால், "கண்டதையும் வாங்கிக் குடுத்துப் புள்ள வயித்தைக் கெடுத்துட்டே" என்று உன் பெண்டாட்டியைக் காய்ச்சுகிறாய். அவள் அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பாவைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

வந்த புதிதில் என் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தவள்தான். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனாலும் செய்யாத தப்புக்கு அவள் திட்டு வாங்குவது எனக்கே பொறுக்கவில்லை.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு பக்கமும் யாருக்கும் இல்ல சார்" என்று அவள் அடித்துச் சொன்னாள். நான் திருடி மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நோய்க்கு ரத்த உறவு வழியாக வரும் கூறு ஒன்று உண்டாம். அது இருந்தாலே நோய் வந்துவிடும் என்றில்லையாம், யாரையும் பழிக்கவும் வேண்டாமாம். தெரிந்தால் வைத்தியத்துக்கு உதவும் என்றார்.

உன் பத்தொன்பது வயசு உனக்கு மறந்துவிட்டதா? பொதுக் கழிப்பறைக் கதவை இடித்து, "உள்ளயே குடியிருக்கியா?" என்று கத்தினாரே பக்கத்துப் போர்ஷன்காரர், அவர் சாவுக்குக்கூட நான் போகவில்லை. பஸ்ஸிலும் சினிமாவிலும் நீ கதவோரத்து சீட்டுக்கு அடம்பிடிப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். உன் பெண்டாட்டி அதைப் பிடிவாதம் என்கிறாள். நீ போடும் மாத்திரை நெஞ்செரிச்சலுக்கு என்று நம்புகிறாள். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கினாய். இத்தனை வருஷம் காப்பாற்றியாயிற்று.

அடுத்த மாதம் குழந்தைக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன். நான் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று. உன் மகள் டீச்சரிடம் கெஞ்சி, கூட்டாளியை விட்டுவிட்டு, வகுப்பில் கதவோரத்து இருக்கைக்கு மாறிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. "உலகத்துலயே எனக்கு மட்டுந்தான் பாட்டி இப்படி" என்று என் மடியில் அழுகிறாள். பதில் தெரிந்தும், உனக்குச் செய்த சத்தியத்துக்காக அவள் தலையை மட்டும் தடவிக்கொடுக்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். பெண்டாட்டியிடம் சொன்ன கையோடு என் பேத்தியைக் கூப்பிட்டுப் பேசு. நீ எங்கே உட்காருவாய் என்று அவளிடம் சொல்லடா.

உன் அம்மா