ஒன்றாம் எண் பெட்டி

தோஸ்து,

இந்தக் குட்டைக் கேபிளில் இன்னும் உன் முட்டிவலித் தைல வாடை அடிக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. எரிச்சலாக வருகிறது.

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்களை இணைக்க நாம் மாட்டிய நான்கு நெட்வொர்க் ஸ்விட்ச்களில் ஒன்றாம் எண் போட்ட மேல் பெட்டி இன்று காலை செத்துப்போனது. நாலையும் இந்த மாதிரிக் குட்டைக் கேபிள்களால் வளையமாகக் கோத்து ஒரே பெட்டியாக ஓட வைத்தோமே, அதில் தலைமை அதுதான். அதில் செருகியிருந்த சில கம்ப்யூட்டர்கள் மட்டும் நின்றன. இரண்டாவது பெட்டி தலைமையை எடுத்துக்கொண்டது. கேட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. "ஒண்ணியும் நிக்கல சார், ஷோக்கா கீது" என்றார் கேட் சூப்பர்வைசர். அவர்மேல் கோபம் வந்தது எனக்கு. நீ செத்த வாரத்திலும் நம் கம்பெனியில் ஒன்றும் நிற்கவில்லை. உன் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டார்கள்.

அவனைத்தான் இன்று என்னோடு அனுப்பினார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்லவன்தான். அவனையே எனக்கு நிரந்தர ஜோடியாகப் போடலாமா என்று சாயங்காலத்துக்குள் நான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

நீ ஒருமுறை செய்த தப்பையே செய்து, காரணத்தை அவனே கொடுப்பான் என்று நினைத்தேன். சாத்தாங்காடு இரும்புக் கிடங்கில் நீ செய்ததை மறப்பேனா? வேறு இடத்தில் கழற்றிய பெட்டியைக் கரண்டை நிறுத்தாமலே வளையத்தில் செருகினாய். அதன் முன்னுரிமை எண் பெரியது; பெரிய எண் உள்ளதே தலைமை. ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் எல்லாம் அணைந்து, அதன் கீழ் போய் எழுந்தன. எடைமேடை நின்றது, டிரைவர்கள் ஹாரனை விடவே இல்லை. நான் பதறினேன், நீ சிரித்தாய். "இன்னா மாமு, புச்சா வந்தது நான்தான் பெர்சுன்னு குந்திக்கினு கீது." அன்றிலிருந்து, செருகுமுன் ஒருவர் உரக்கக் கேட்பது நம் வழக்கமானது. "ஆஃப் பண்ட்டியா?" "பண்ட்டேன்." பதில் வராமல் கேபிள் உள்ளே போகாது.

இன்று நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான். அவன் புதுப் பெட்டியை மாட்டினான், கேபிளை எடுத்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, கரண்ட் ஆஃப் பண்ட்டேன். சொருவட்டா?"

நான் சொல்லும்வரை அவன் செருகாமல் நின்றான். கடைசியில், "சொருவு" என்றேன்.

பெட்டி எழுந்தது. காலியாகக் கிடந்த ஒன்றாம் எண் அதற்குக் கிடைத்தது; அணைத்துச் செருகியதால் தலைமை இரண்டாவதிடமே இருந்தது. ஒரு லாரியும் நிற்கவில்லை.

ஆபீசுக்குப் போன் போட்டு, "இவனே இருக்கட்டும்" என்றேன். சொன்னதும் உனக்குத் துரோகம் செய்ததுபோல் இருந்தது.

நீ போனபின் என் வண்டியில் பின்னால் யாரையும் ஏற்றவில்லை. இன்று அவனைக் கல்மண்டபம் வரை ஏற்றிவந்தேன். வழியெல்லாம் அவன் காதுபட உன்னைத் திட்டினேன். நெஞ்சு வலித்ததை மறைத்து வேலைக்கு வந்தவன், பக்கத்திலேயே நின்ற என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாதவன் என்று.

இறங்கியவன் போகாமல் நின்றான். "அண்ணே, ஒனக்கு நெஞ்சு வலிச்சா என்னாண்ட சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன். உன்மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.